கல்லும் கருவியும்: வீதி திருத்தத்தின் வரலாறு

வீதி சமைத்தோரை வரலாறு போற்றுகின்றது. வீதி பேணினோரை அது பெரும்பாலும் மறந்து விடுகின்றது. உரோமப் பெருந்தெருக்களை வகுத்த அதிகாரிகளின் பெயர்கள் மைற்கற்களிற் பொறிக்கப்பட்டு இன்றும் வாசிக்கப்படுகின்றன. அத்தெருக்களிலே பெயர்ந்த கல்லை மீண்டும் பொருத்தி வைத்த ஊழியனின் பெயரை எந்தக் கல்லும் தாங்கி நிற்கவில்லை. ஆயினும், ஒரு வீதி பல தலைமுறைக்குப் பயன்படுவதும், சில மாரிகளுள் சேறும் பள்ளமுமாய்ச் சிதைவதும் பெரும்பாலும் அப்பெயரறியா ஊழியனின் கையிலேயே தங்கியுள்ளன.

பள்ளத்தை எப்பொருளால் நிரப்புவது, எக்கருவியால் நிரப்புவது, யாரைக்கொண்டு நிரப்புவது என்னும் மூன்று வினாக்கள் வீதி தோன்றிய காலந்தொட்டே எழுந்தவை. முதலிரண்டும் கைவினையைச் சார்ந்தவை. மூன்றாவது அரசியலைச் சார்ந்தது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை தம்முள் தொடர்பற்றனவாகத் தோன்றலாம். ஐரோப்பிய நாடுகளின் வரலாற்றையும் இலங்கையின் வரலாற்றையும் ஒப்புநோக்கின், மூன்றாவது வினாவுக்கு ஒரு சமுதாயம் கூறிய விடையே ஏனைய இரண்டின் விடையையும் நிருணயித்தது என்பது புலனாகும். அவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழுது தோன்றுமாறு

வீதியை அழிப்பது வண்டியின் பாரம் என்பது பொதுவான எண்ணம். பாரம் வீதியை அழிப்பதற்கு முன்னர் நீர் அதற்கு வழிதிறந்து விடுகின்றது. மேற்பரப்பில் ஒரு சிறு வெடிப்புத் தோன்றின் மழைநீர் அதனூடாகக் கீழிறங்கி அடித்தளத்து மண்ணை இளக்குகின்றது. உலர்ந்த நிலையிற் பாறைபோல் நின்ற மண், நனைந்த நிலையிற் பாரத்தைத் தாங்கமாட்டாது தாழ்கின்றது. அதன் மேற் சில்லு ஏறியிறங்குந்தோறும் உள்ளிருந்த நீர், நுண்மண்ணையும் உடன்கொண்டு வெளியே பீறிடுகின்றது. மண் வெளியேறிய இடம் வெறுமையாகின்றது. வெறுமையான இடத்தின் மேற்பரப்பு உடைந்து விழுகின்றது. குளிர்நாடுகளில் அந்நீர் உறைந்து பருத்து வீதியை மேலே தூக்குவதால் அழிவு இன்னும் விரைவுபடுகின்றது.

எனவே, பள்ளத்திற் போடப்படும் பொருள் எதுவாயினும் அது நீரைக் குடியாததாய் இருத்தல் வேண்டும். தன்னுள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைவதாய் இருத்தல் வேண்டும். பள்ளத்தின் பழைய விளிம்போடு இணைவதாயும் இருத்தல் வேண்டும். இம்மூன்று இயல்புகளையும் பெறாத எந்தத் திருத்தமும் அடுத்த மழைவரைக்குமே நிற்பதாகும். கைக்குக் கிட்டிய மண்ணையும் உடைந்த செங்கல்லையும் குப்பையையும் பள்ளத்திற் கொட்டி மேலே மிதித்துவிடும் வழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. அப்பொருள்கள் நீரை உறிஞ்சுவன. ஆதலின், பள்ளத்தை அடைப்பதாகத் தோன்றி அதனை ஆழமாக்குகின்றன.

உரோமர் முறை

கி.மு. 312ஆம் ஆண்டில் அப்பியசு கிளௌதியசு என்பான் தொடக்கிவைத்த அப்பியத் தெரு உரோமரின் வீதிக்கலைக்குச் சான்றாகக் காட்டப்படுவது. அவர்கள் வீதியை அமைத்த திறனைப் போற்றுவோர், வீதியைப் பேணுவதற்கு அவர்கள் செய்த ஏற்பாட்டை அத்துணை கவனிப்பதில்லை. யூலியசு சீசரின் காலத்ததான, ஏறக்குறைய கி.மு. 45ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சட்டம், உரோம நகரில் ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் வீட்டு முகப்பிலுள்ள தெருப்பகுதியைத் தானே செப்பனிட்டு வைத்தல் வேண்டுமென விதித்தது. தெருவில் நீர் தேங்காதவாறு பார்த்துக் கொள்ளுதலும் அவன் கடமையாக அச்சட்டத்திற் குறிக்கப்பட்டது. அவன் தவறின், நகர அதிகாரி அவ்வேலையை ஒப்பந்தகாரனிடம் ஒப்படைத்து, செலவை வீட்டுக்காரனிடம் அறவிட்டான்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்விதியிலே ஒரு நுட்பம் உண்டு. வீதியின் பகை நீர் என்பதையும், வேலை தெரியாதவனிடம் வேலையை விடுவதினும் அதனைத் தெரிந்தவனிடம் கூலிக்கு விடுதல் நன்று என்பதையும் உரோமர் உணர்ந்திருந்தனர். உரோமப் பேரரசு வீழ்ந்தபின் ஐரோப்பா இவ்விரண்டையும் நெடுங்காலம் மறந்திருந்தது.

கோயிற்பற்றும் கட்டாய ஊழியமும்

இங்கிலாந்தில் 1555ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று வீதி திருத்தும் பொறுப்பை ஒவ்வொரு கோயிற்பற்றின் மீதும் சுமத்தியது. நிலமுடையோர் வண்டியும் ஆட்களும் அனுப்புதல் வேண்டும். ஏனைய குடிகள் ஆண்டிலே நான்கு நாட்கள் கூலியின்றி உழைத்தல் வேண்டும். சில ஆண்டுகளின் பின் இந்நான்கு நாட்களும் ஆறாக உயர்த்தப்பட்டன. இவ்வேலையை மேற்பார்வை செய்வதற்கு ஊரவருள் இருவர் ஓராண்டுக்கு நியமிக்கப்பட்டனர். அவர்களுக்கும் ஊதியம் இல்லை. வீதி வேலையிற் பயிற்சியும் இல்லை.

இச்சட்டத்திற் கருவிகளைப் பற்றிய ஒரு விதியும் உண்டு. வேலைக்கு வருவோர் தத்தம் நிலத்தில் வரம்பும் வாய்க்காலும் வெட்டுதற்குப் பயன்படுத்தும் மண்வெட்டி, பிக்கான் முதலியவற்றைத் தாமே கொண்டுவருதல் வேண்டும் என்பதே அவ்விதி. இது சிறு செய்தியாகத் தோன்றினும் பெரும் பொருள் பொதிந்தது. கமக்காரனின் கருவி மண்ணைக் கிளறுவதற்கு ஆனது. கல்லை அளவாக உடைப்பதற்கு ஆகாதது. மண்வெட்டியோடு வந்தவன் பக்கத்துக் கானிலிருந்து சேற்றை வாரிப் பள்ளத்திற் போட்டான். வண்டியோடு வந்தவன் வயலிற் பொறுக்கிய பெருங்கற்களைக் கொணர்ந்து அப்படியே கொட்டினான். கருவி எதுவோ அதற்கேற்பவே பொருளும் அமைந்தது. ஆறு நாட் கடன் கழிந்தால் அடுத்த ஆண்டுவரை வீதியை நோக்குவார் இலர்.

இம்முறையின் விளைவை ஆதர் யங் என்னும் கமத்தொழிலறிஞர் 1770இல் வெளியிட்ட தமது பயண நூலிற் பதிவு செய்துள்ளார். பிரெஸ்ரன் நகருக்கும் விகன் நகருக்கும் இடையே சென்ற அவர், வண்டித்தடங்களின் ஆழத்தைத் தாமே அளந்து நான்கு அடியெனக் குறித்தார். அத்தெருவுக்குச் செய்யப்பட்ட ஒரே திருத்தம் அப்பள்ளங்களில் உதிரிக் கற்களை உருட்டிவிட்டதே என்றும், அதனால் வண்டி குலுங்கியதன்றி வேறு பயன் இல்லை என்றும் அவர் எழுதினார். அத்தெரு ஆயம் வாங்கும் தெருவாயிருந்தும் அதன் நிலை இதுவேயாகும். வீதி கெட்டமைக்கு வண்டியையே குற்றஞ்சாட்டிய பாராளுமன்றம், 1753இல் அகன்ற சில்லுகளை வற்புறுத்தும் சட்டத்தை இயற்றியது. வீதியை வண்டிக்கு ஏற்ப அமைப்பதை விடுத்து, வண்டியை வீதிக்கு ஏற்ப அமைக்க முயன்ற காலம் அது.

திரெசாகேயும் தூர்கோவும்

பிரான்சு நாட்டிலும் கட்டாய ஊழியமே வீதிகளுக்கு அடிப்படையாய் இருந்தது. அங்கு அது கோர்வே எனப்பட்டது. விதைப்புக் காலத்திலோ அறுவடைக் காலத்திலோ குடியானவர் தம் மாடுகளுடன் பல மைல் நடந்து சென்று கூலியின்றி உழைக்க நேர்ந்தது. அவர்கள் மனமின்றிச் செய்த வேலை மழைக்கு நில்லாது போயிற்று.

லிமூசன் மாகாணத்தின் ஆட்சியாளராக 1761ஆம் ஆண்டுமுதல் 1774ஆம் ஆண்டுவரை கடமையாற்றிய தூர்கோ, இதனை ஒழித்துக் கோர்வேயின் இடத்தில் ஒரு வரியை ஏற்படுத்தினார்; அவ்வரிப் பணத்தைக் கொண்டு கூலியாட்களை அமர்த்தினார். அங்கே பொறியியலாளராக விளங்கியவர் பியர் திரெசாகே ஆவார். கூலியாட்கள் கிடைத்தமையாற் பொருளையும் முறையையும் மாற்றுதற்கு அவருக்கு வாய்ப்பு உண்டாயிற்று. 1775இல் அவர் எழுதிய அறிக்கையில், கீழே செங்குத்தாக நிறுத்திய கற்கள், அதன்மேல் உடைத்த கற்கள், எல்லாவற்றுக்கும் மேலே சிறிதாக உடைத்த வன்கல் என மூன்று படைகளைக் கொண்ட மெல்லிய வீதியை விளக்கினார். ஆண்டில் இருமுறை கட்டாய ஊழியம் நிகழ்ந்த காலத்தில், அடுத்த முறைவரை தாங்குதற்காக வீதியைத் தடித்ததாக அமைக்க வேண்டியிருந்தது என்பதும், இடைவிடாது பேணும் ஆட்கள் உளராயின் மெல்லிய வீதியே போதும் என்பதும் அவர் கருத்தின் சாரம்.

தூர்கோ நிதியமைச்சராகி 1776இல் நாடு முழுவதும் கோர்வேயை நீக்க ஆணை பிறப்பித்தார். அவர் பதவி இழந்ததும் அது மீண்டு, 1787இல் இறுதியாக ஒழிந்தது. நெப்போலியனின் 1811ஆம் ஆண்டு ஆணையின் பின், ஒவ்வொரு வீதித் துண்டத்துக்கும் ஒரு நிரந்தர ஊழியனை வைக்கும் வழக்கம் பிரான்சில் வேரூன்றியது. அவனுக்கெனப் பின்னர் எழுந்த ஒழுங்குவிதிகள் அவன் வைத்திருக்க வேண்டிய கருவிகளைப் பெயர் சுட்டி வரையறுத்தன. தள்ளுவண்டி, இரும்புச் சவள், மரச் சவள், ஒருபுறம் கூராகவும் மறுபுறம் தட்டையாகவும் அமைந்த பிக்கான், சேறு வழிக்கும் பலகை, இரும்பு வாரி, அலவாங்கு, சம்மட்டி, மட்டம் பிடிக்கும் கயிறு என அப்பட்டியல் நீளும். மண்ணை அள்ள ஒரு சவளும், கல்லைப் பரப்ப வேறொரு சவளுமாக வேலைக்கேற்பக் கருவி பிரிந்து நிற்றலை இங்குக் காணலாம். கமக்காரன் வீட்டிலிருந்து கொணர்ந்த மண்வெட்டிக்கும் இப்பட்டியலுக்கும் இடைப்பட்ட தூரமே ஒரு தொழில் பிறந்த தூரமாகும்.

மக்கடம் தேர்ந்த கல்

ஜோன் லௌடன் மக்கடம் 1756இல் ஸ்கொத்லாந்திற் பிறந்தவர். 1816இல் பிரிஸ்ரல் நகரைச் சூழ்ந்த ஆயத்தெருக்களின் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டார். மக்கடத்தைப் புதுவீதி அமைத்தவராகவே பலரும் அறிவர். அவர் 1819இல் வெளியிட்ட நூலின் தலைப்போ வீதிகளை அறிவியன் முறையிற் பழுதுபார்த்தலையும் பாதுகாத்தலையுமே குறிக்கின்றது. அவர் கையேற்றவை முன்னரே இருந்து கெட்டுப்போன வீதிகள். ஆதலின், அவருடைய முறையைத் திருத்தத்தின் கலையென்றே கூறுதல் பொருந்தும்.

அவர் கூறிய முதல் விதி கல்லின் அளவைப் பற்றியது. ஆறு அவுன்சு நிறைக்கு மேற்பட்ட கல் எதுவும் வீதியிற் கிடத்தலாகாது. இதற்கு அவர் காட்டிய காரணம் எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. சமமான பரப்பில் உருளும் சில்லு ஏறக்குறைய ஓர் அங்குல நீளத்துக்கே நிலத்தைத் தொடுகின்றது. கல் அதனினும் பெரிதாயின், சில்லு அதன் ஒரு முனையை அழுத்த மறுமுனை எழும்பும். கல் தன் இருப்பிடத்தினின்றும் பெயரும். அவ்விடைவெளியால் நீர் இறங்கும். சிறு கல்லாயின், சில்லு அதனை முழுவதும் அழுத்துவதால் அது அயற் கற்களோடு மேலும் இறுகும். பெரிய கல்லே வலியது என்னும் பொதுவெண்ணத்தை அவர் இவ்வாறு தலைகீழாக்கினார். தமக்குக் கீழிருந்த மேற்பார்வையாளர் தராசும் ஆறு அவுன்சு எடைக்கல்லும் கொண்டு சென்று கற்குவியல்களைச் சோதித்தல் வேண்டுமெனவும் விதித்தார். அவர் காலத்தவரான தோமஸ் ரெல்போர்ட் என்னும் பொறியியலாளர், இரண்டரை அங்குல விட்டமுள்ள வளையத்தினூடு செல்லும் கல்லையே ஏற்றார். எடைக்கல்லாயினும் வளையமாயினும், கண்மதிப்பை நீக்கி அளவையை வைத்தமையே இரண்டிலும் உள்ள சிறப்பாகும்.

இரண்டாம் விதி கல்லோடு வேறெதனையும் கலவாமை. களிமண்ணோ சீமைச் சுண்ணமண்ணோ நீரை உறிஞ்சும் வேறெப்பொருளோ சேர்க்கலாகாது. பிணைப்புக்கென மேலே மண் தூவுதலும் கூடாது. உடைத்த கல் தன் கூர்மூலைகளாலேயே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்றார். ஆற்றில் உருண்டு மழமழப்பான கூழாங்கல்லை உடையாமற் பரப்பினால் அது இறுகாமைக்கு மூலைகள் இன்மையே காரணம்.

மூன்றாம் விதி இணைப்பைப் பற்றியது. பழைய பரப்பு இறுகிய நிலையில் அதன்மேற் புதுக்கல்லைப் போட்டால் இரண்டும் ஒட்டுவதில்லை. ஆகவே, பழைய பரப்பைப் பிக்கானாற் கிளறி இளக்கிய பின்னரே புதிய கல்லை இடுதல் வேண்டும். பள்ளத்தை அடைக்கும் கலை முழுவதுக்கும் இவ்விதியே உயிர்நாடி எனலாம்.

இன்னும், கெட்ட வீதி பலவற்றிற்குப் புதுக்கல் கொணரவே வேண்டியதில்லை என்பதையும் அவர் கண்டறிந்தார். வேண்டிய கல் வீதியிலேயே புதைந்து கிடந்தது. அது பெரிதாய்க் கிடந்தமையே குற்றம். நான்கு அங்குல ஆழத்துக்கு வீதியைக் கிளறிப் பெருங்கற்களை வாரியெடுத்து, ஓரத்தில் வைத்து உடைத்து, மீண்டும் பரப்பினாற் போதுமென்றார். ஒரே நேரத்தில் நெடுந்தூரத்தைக் கிளறாது சிறு சிறு துண்டமாகவே வேலை நிகழ்தல் வேண்டும். ஐவர் கொண்ட ஒரு கூட்டத்தில் இருவர் கிளறி வாரி ஒழுங்குபடுத்த, மூவர் கல் உடைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த கணக்கு.

மக்கடம் தேர்ந்த கருவி

பொருளை வரையறுத்த மக்கடம் கருவியையும் வரையறுத்தார். கிளறுவதற்கு வலிய பிக்கான். ஆயின், காம்பிலிருந்து முனைவரை அது குறுகியதாய் இருத்தல் வேண்டும். கல்லுடைப்பதற்கு ஏறக்குறைய ஓர் இறாத்தல் நிறையுள்ள சிறு சுத்தியல்; அதன் முகம் புதிய சிலிங் நாணயத்தின் அளவினதாய், நன்கு உருக்கேற்றப்பட்டதாய், குறுகிய காம்புடையதாய் இருத்தல் வேண்டும். வாருவதற்குப் பத்து அங்குல மரத்தலையும் இரண்டரை அங்குல இரும்புப் பற்களும் உடைய வலிய வாரி. இது பெருங்கல்லை வாரியெடுப்பதற்கும், புதுக்கல் இறுகி வருங்காலத்தில் மேற்பரப்பை ஒழுங்காய் வைத்திருப்பதற்கும் உதவும். பரப்புவதற்கு மிக இலேசான அகன்ற வாய்ச் சவள். கல்லைக் குவியலாகக் கொட்டாது மெல்லிதாகத் தூவுதற்கு அதுவே ஏற்றது.

இவற்றுள் சிறு சுத்தியலே சமுதாய வரலாற்றில் இடம்பெறத்தக்கது. முன்னர் உடல் வலிமைமிக்க ஆடவர் நின்றவண்ணம் பெருஞ்சம்மட்டியாற் கல்லை மோதினர். அதனாற் சில கற்கள் பொடியாயின. சில பெரிதாகவே எஞ்சின. ஓர் இறாத்தற் சுத்தியலால் இருந்தபடியே ஒவ்வொரு கல்லையும் அளவாக உடைக்கலாம். இவ்வேலைக்குப் பெண்டிரும் சிறுவரும் கடுவேலை செய்யமாட்டாத முதியோரும் போதும் என மக்கடம் கூறினார். வேலையற்றோர் மலிந்திருந்த அக்காலத்தில் எளியோர் பலர்க்கு இது கூலி தந்தது. அதே சுத்தியல் பிற்காலத்தில் ஏழையர் விடுதிகளிலும் சிறைகளிலும் தண்டனைக் கருவியாகவும் மாறியது என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. கருவி ஒன்றே, அதனைப் பிடித்த கை கூலிக்கு உழைத்ததா, கட்டாயத்துக்கு உழைத்ததா என்பதே அதன் பயனை வேறுபடுத்தியது.

மக்கடத்தின் முறை பரவப் பரவக் கோயிற்பற்றின் ஆறு நாள் ஊழியம் பொருளற்றதாயிற்று. கல்லை ஆறு அவுன்சுக்கு உடைக்கத் தெரிந்த கூலியாளும், தராசு பிடித்த மேற்பார்வையாளரும் இருக்கையில், மனமின்றி மண்வெட்டியோடு வருபவனால் ஆவது யாது? 1835ஆம் ஆண்டின் பெருந்தெருச் சட்டம் இங்கிலாந்திற் கட்டாய ஊழியத்தை ஒழித்தது. அதனிடத்திற் கோயிற்பற்று வரி வந்தது. மக்கடம் அதற்கு மறு ஆண்டு, 1836இல், காலமானார்.

இலங்கையில் நிகழ்ந்தது

இலங்கையிற் கண்டி இராச்சியத்தார் பகைவர் படை எளிதிற் புகாதவாறு மலைநாட்டு வழிகளைக் குறுகியனவாகவே வைத்திருந்தனர். கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் வீதியினும் கால்வாயையே பெரிதும் விரும்பினர். 1815இற் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர், அதனைக் காத்தற்பொருட்டு வீதி சமைக்கத் தொடங்கினர். தேசாதிபதி எட்வேர்ட் பான்ஸின் காலத்திற் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருவீதி அமைந்தது. இருபது வயது நிரம்பாத இளைஞராய் 1820இல் அவ்வேலையில் ஈடுபட்ட தோமஸ் ஸ்கின்னர், பின்னர் வீதி ஆணையாளராகி, 1867வரை இத்தீவின் வீதிகளோடு தம் வாழ்வைப் பிணைத்துக் கொண்டார். 1832இற் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் வண்டி ஓடலாயிற்று.

இத்தொடக்க வேலைக்கு இராசகாரியம் என்னும் பழைய ஊழியமுறை பயன்படுத்தப்பட்டது. நிலத்துக்கும் சாதிக்கும் உரிய கடமையாக மரபில் அமைந்த அம்முறை, மலையைக் குடைந்து வீதி வெட்டும் கடுந்தொழிலாக மாறிக் குடிகளை வருத்தியது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின் பேரில் அது 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. அதன்பின் வீதிகளின் பொருட்டுக் கூலிப் படைப்பிரிவாகிய பயனியர் படை பெரிதும் உழைத்தது.

ஆயின், வீதி பெருகிய அளவுக்கு அதனைப் பேணும் பணம் பெருகவில்லை. கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டிற் பரவ, பாரவண்டிகளும் பெருகின. இந்நிலையில் தேசாதிபதி தொறிங்ரன் 1848இல் வீதிக் கட்டளைச் சட்டத்தைக் கொணர்ந்தார். 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஆறு நாட்கள் வீதியில் உழைத்தல் வேண்டும். அன்றேல் பணம் செலுத்துதல் வேண்டும். ஆறு நாட்கள் என்னும் இவ்வெண்ணை நோக்குக. இங்கிலாந்து ஏறக்குறைய முன்னூறாண்டு காலம் நடத்திப் பார்த்து, பயனற்றதென 1835இற் கைவிட்ட அதே ஆறு நாட்கள், பதின்மூன்று ஆண்டுகளின் பின் இலங்கையர்மேற் சுமத்தப்பட்டன. இராசகாரியம் வேறு பெயரில் மீண்டதாகவே மக்கள் கருதினர். பௌத்த குருமாரும் தொடக்கத்தில் இதற்கு உட்படுத்தப்பட்டமை சினத்தை வளர்த்தது. துவக்கு வரி, நாய் வரி, கடை வரி ஆகியனவும் உடன்சேர, அவ்வாண்டு யூலை மாதத்தில் மாத்தளை, குருநாகல் முதலிய இடங்களிற் கலகம் மூண்டது. அது படைவலியால் அடக்கப்பட்டது. தொறிங்ரனும் 1850இல் திருப்பியழைக்கப்பட்டார். எனினும், ஆறு நாள் ஊழியம் ஒழியாது, 1861ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் தெருக் கட்டளைச் சட்டத்திலும் இடம்பெற்றது.

உழைப்பதற்கு மாறாகப் பணம் கட்டும் வழி இச்சட்டத்தில் இருந்தமை இதன் கொடுமையை ஓரளவு தணித்தது எனலாம். பணம் கட்டினோரின் பணம் கூலியாளுக்குச் சென்றது. அவன் கையாற் கல் உடைந்தது. இலங்கையின் வீதிகள் நாளடைவிற் சீர்பெற்றமைக்கு, வற்புறுத்தி வாங்கிய ஆறு நாட்களைவிட, ஓவசியரின் கீழ் ஆண்டு முழுவதும் உழைத்த கூலிக் கூட்டங்களே பெரிதும் காரணமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தொழில் நிலத்தின் இயல்புக்கேற்ப அமைந்தது. குடாநாட்டின் அடிப்பாறை சுண்ணக்கல். கருங்கல்லைத் தென்திசைப் பெருநிலத்திலிருந்தே கொணர்தல் வேண்டும். சுண்ணக்கல் கருங்கல்லினும் மென்மையானது. சில்லுக்கு விரைவிற் தேய்வது. கோடையில் வெண்புழுதியாய் எழுவது. ஆயினும், அதன் தூள் நீரோடு சேர்ந்து இறுகும் இயல்புடையது. ஆகவே, நீரூற்றி இறுக்கும் வீதிக்கு அது நன்கு பிணையும் பொருளாகும். அண்மையிற் கிடைக்கும் கல்லின் குறையையும் நிறையையும் அறிந்து பயன்படுத்துதலே பொருள் தேர்வின் அடிப்படை என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. வேலைக்காரர் கையாண்ட கருவிகளின் பெயர்களிலும் வரலாறு படிந்துள்ளது. அலவாங்கு என்னும் சொல் போர்த்துக்கேய மொழியினின்று வந்தது. மண்வெட்டியும் சம்மட்டியும் தமிழ். நிலம் இறுக்கும் கட்டையைத் தமிழகத்தார் திமிசு என்பர், யாழ்ப்பாணத்தார் மொங்கான் என்பர்.

தாரின் வரவு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி தோன்றவே, மக்கடத்தின் வீதிக்குப் புதிய பகை பிறந்தது. இரும்புப் பட்டையிட்ட சில்லு கற்றூளை அழுத்தி இறுக்கியது. விரைந்தோடும் இறப்பர்ச் சில்லோ அத்தூளை உறிஞ்சியெடுத்துக் காற்றில் வீசியது. தூள் நீங்கவே கற்கள் பிணைப்பிழந்தன. 1902இல் மொனாக்கோவில் மருத்துவர் குல்யெல்மினெற்றி என்பார் புழுதியை அடக்கத் தெருவில் தார் பூசுவித்தார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் நொற்றிங்காம் மாவட்டப் பொறியியலாளரான எட்கர் ஹூலி, தாரும் உலைக்கசடும் கலந்த வீதிப்பொருளுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். தொழிற்சாலை ஒன்றின் அருகே கவிழ்ந்த தார்ப்பீப்பாயின் மேல் உலைக்கசடு கொட்டப்பட்டிருந்ததையும், அவ்விடம் புழுதியின்றி இறுகியிருந்ததையும் கண்டதே அவருக்குத் தூண்டுகோலாயிற்று என்பர். 1908இற் பாரிசு நகரிற் கூடிய முதலாவது உலக வீதி மாநாடும் இப்புழுதிப் பிரச்சினையின் விளைவேயாகும்.

தாரின் வரவு திருத்தும் பருவத்தையே மாற்றிவிட்டது. கல்லும் நீருமாய் அமைந்த வீதியை மாரிக்காலத்தில் திருத்துதலே நன்று. ஈரம் கல்லை இறுகச் செய்யும். தாரும் நிலக்கீலுமோ ஈரக்கல்லில் ஒட்டா. ஆகவே, வீதி உடையும் காலமாகிய மாரியே அதனைத் திருத்த முடியாத காலமாயிற்று. ஐப்பசி, கார்த்திகையில் மழை பொழியும் வடமாகாணத்தில் இஃது எளிய இடர்ப்பாடன்று. நிலக்கீலை நீரிற் பால்போலக் கலந்து, சூடேற்றாது ஊற்றத்தக்க குழம்பாக்கும் முறை 1920களில் வளர்ச்சி பெற்றமை இவ்விடரை ஓரளவு தீர்த்தது. சற்றே நனைந்த கல்லிலும் அது பற்றும்.

இன்று பள்ளம் அடைக்கும் முறையை நோக்கின், பொருள் மாறியபோதும் மக்கடத்தின் விதிகள் மாறாதிருத்தலைக் காணலாம். முதலிற் பள்ளத்தின் சிதைந்த விளிம்பை உளியாலும் சுத்தியலாலும் வெட்டி, உறுதியான பகுதி தோன்றும்வரை நீக்கி, பக்கங்களைச் செங்குத்தாக்குதல் வேண்டும். சரிந்த விளிம்பில் இடப்படும் கலவை மெல்லிய ஓரமாகி உதிர்ந்துவிடும். அடுத்து உதிரியையும் நீரையும் தும்புத்தடியாற் கூட்டி வெளியேற்றல் வேண்டும். பின்னர்ப் பக்கத்திலும் அடியிலும் நிலக்கீலை மெல்லிதாகப் பூசுதல் வேண்டும். மக்கடம் பிக்கானாற் கிளறியதன் நோக்கமும் இதன் நோக்கமும் ஒன்றே. தாரிட்ட கல்லை ஒரே முறையிற் கொட்டாது இரண்டு மூன்று அங்குலப் படைகளாக இட்டு, ஒவ்வொரு படையையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் திமிசாலே இடித்தல் வேண்டும். இறுதியில் ஒட்டு, சுற்றியுள்ள பரப்பினும் சிறிது உயர்ந்திருத்தல் வேண்டும். வண்டிகளின் பாரம் அதனை மட்டத்துக்குக் கொண்டுவரும். பேரியந்திரங்கள் பெருகிய இக்காலத்தும் சிறு பள்ளங்கள் உளி, துடைப்பம், வாரி, திமிசு என்னும் கைக்கருவிகளாலேயே பெரும்பாலும் அடைக்கப்படுகின்றன.

முடிவுரை

மேற்கூறிய வரலாற்றினின்றும் பெறப்படுவது யாது? நல்ல கல் எங்கும் கிடைக்கும். நல்ல கருவியைக் கொல்லன் எவனும் வடிப்பான். இவ்விரண்டும் கோயிற்பற்று ஊழியக் காலத்தும் இருந்தன. எனினும், ஆண்டில் ஆறு நாள் வற்புறுத்தி அழைக்கப்பட்டவனுக்குக் கல்லின் அளவைப் பற்றிக் கவலையில்லை. கருவி அவனுடைய தொழிலுக்குரியதும் அன்று. தான் அடைத்த பள்ளம் மீண்டும் உடைந்ததா என்பதைப் பார்ப்பதற்கு அவன் அவ்விடத்துக்கு மீளுவதும் இல்லை. கூலியும் தொடர்ச்சியும் பெற்ற ஊழியனோ தன் துண்டத்தை நாடோறும் நடந்து பார்த்தான். எவ்விடத்தில் நீர் தேங்கும், எக்கல் பிணையும், எத்திருத்தம் மாரிக்கு நின்றது என்பவற்றை அவன் கற்றான். அவ்வறிவே எடைக்கல்லாகவும் வளையமாகவும் சிறு சுத்தியலாகவும் உருப்பெற்றது.

வீதியிற் பள்ளம் தோன்றுதல் இயற்கை. அது பள்ளமாகவே கிடத்தலும், ஆண்டுதோறும் மண்ணிட்டு மறைக்கப்பட்டு மீண்டும் மீண்டும் வாய்திறத்தலும் மனிதர் செய்த தேர்வின் விளைவு. பிரான்சு 1787இலும் இங்கிலாந்து 1835இலும் கற்ற பாடத்தை, ஆட்சியாளர் 1848இல் இலங்கையில் மறந்தமையால் நேர்ந்த துன்பம் வரலாற்றில் நிலைத்துவிட்டது. வீதியை அமைத்தலோடு தம் கடன் முடிந்ததென எண்ணும் எச்சமுதாயமும் அப்பாடத்தை மீண்டும் கற்க நேரும். கையில் அளவான சுத்தியலும், முன்னே அளவான கல்லும், உழைப்புக்கு அளவான கூலியும் பெற்ற ஒருவன் தெருவோரத்தில் அமர்ந்திருத்தலே செம்மையான வீதிக்கு அறிகுறியாகும்.